திருவொற்றியூர்ப் புல்லட்டும் அதற்கேற்ற எண்ணெயும்

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால், ஒருவரையொருவர் க்ஷேமம் விசாரித்து முடிப்பதற்குள் பேச்சு எண்ணெயில் வந்து நின்றுவிடும். நாற்பதாம் தர எண்ணெயைத் தவிர வேறெதையும் தம் வண்டி ஏற்காது என்று ஒருவர் சத்தியம் செய்வார். அதிக விலை கொடுத்துச் செயற்கை எண்ணெய் வாங்கி ஊற்றிய பிறகுதான் யந்திரத்தின் ஓசையில் ஒரு நிதானம் வந்தது என்பார் மற்றவர். இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கும் மெக்கானிக், "எதை ஊத்தினாலும் பாதி கீழேதான் சார் சொட்டப் போகுது" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இந்த விவாதம் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. இன்னும் ஐம்பது ஆண்டுகள் நடந்தாலும் முடியாது. ஏனென்றால், எந்த எண்ணெய் உயர்ந்தது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அவர்கள் வாதிடுகிறார்களேயன்றி, எந்த எண்ணெய் எதற்காக உண்டாயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

மருந்துக் கடைக்குள் நுழைந்து, 'இருப்பவற்றுள் உயர்ந்த மருந்தைக் கொடு' என்று கேட்பவன் உலகில் இல்லை. தனக்கு வந்திருக்கும் வியாதியைச் சொல்லி அதற்குரிய மருந்தைக் கேட்பதே வழக்கம். யந்திர எண்ணெயின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், அதுவும் இத்தகைய மருந்துகளின் சரித்திரமே என்பது விளங்கும். ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு வகை யந்திரத்துக்கு ஒரு வியாதி கண்டது. அதற்குப் பரிகாரமாக எண்ணெயில் ஒரு மாறுதல் செய்யப்பட்டது. அந்தப் பரிகாரம் பிறகு எல்லா யந்திரங்களுக்கும் பொதுவாக விற்பனைக்கு வந்தது. யந்திரமும் எண்ணெயும் சேர்ந்தே மாறிவந்த தேசங்களில் இதனால் பெரிய குழப்பம் எதுவும் விளையவில்லை. ஆனால் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது: 1949-ஆம் வருஷத்து யந்திரம் ஒன்று ஏறக்குறைய அப்படியே அரை நூற்றாண்டுக்குமேல் செய்யப்பட்டுவந்தது, அதைச் சூழ்ந்திருந்த எண்ணெய் உலகமோ தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே போயிற்று. புல்லட்காரரின் சந்தேகம் இந்த இடைவெளியில்தான் பிறந்தது. அந்த இடைவெளியை அளந்து பார்த்தால் அது தீரவும் கூடும்.

மோட்டார் வாகனம் வருவதற்கு முன்பே உராய்வு என்னும் தொல்லையை மனிதன் அறிந்திருந்தான். நம் நாட்டு மாட்டுவண்டியின் அச்சுக்கு, வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையைப் பூசுவது தலைமுறை தலைமுறையாக வந்த சம்பிரதாயம். அந்த விளக்கெண்ணெய்க்கு மூலமாகிய ஆமணக்கு விதை சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று என்பதும், அங்கே வேகமாகச் சுழலும் யந்திரங்களுக்கு உயவாக அது பயன்பட்டது என்பதும் இங்கே நினைக்கத் தக்கவை. 1899-இல் லண்டனில் வேக்ஃபீல்டு என்பவர் தொடங்கிய எண்ணெய்க் கம்பெனி, ஆமணக்கெண்ணெயைச் சேர்த்துச் செய்த புதிய எண்ணெயை 1909-இல் காஸ்ட்ரால் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெய்கள் அக்காலத்தில் செம்மையாகச் சுத்திகரிக்கப்படாதவை. உஷ்ணம் ஏறியதும் நீர்த்துப் போய் உலோகத்தை விட்டு விலகிவிடும். ஆமணக்கெண்ணெயோ கொதிக்கும் உலோகத்தின்மேலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெட்ரோலில் எளிதில் கரையவும் கரையாது. முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களை ஓட்டிய சுழல் யந்திரங்கள் அதையே நம்பி ஓடின. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் பந்தய மோட்டார் சைக்கிள்கள் அதன் நறுமணப் புகையைப் பரப்பிக்கொண்டே சென்றன.

ஆனால் அந்த எண்ணெய்க்கு ஒரு குற்றமும் இருந்தது. காற்றும் உஷ்ணமும் பட்டு நாளானால் அது பிசினாக மாறி வளையங்களையும் துவாரங்களையும் அடைத்துவிடும். கனிம எண்ணெயோடும் கலக்காது. பந்தயம் முடிந்த அன்றே யந்திரத்தைப் பிரித்துக் கழுவுபவனுக்கு இது ஒரு குறையாகத் தோன்றாது. வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வண்டியைக் கழற்றிப் பார்ப்பவனுக்கோ இதுவே பெரிய ஆபத்து. ஒரு துறையில் அமிர்தமாக இருக்கும் எண்ணெய் மற்றொரு துறையில் விஷமாகலாம் என்னும் பாடத்தை எண்ணெயின் சரித்திரம் அதன் ஆரம்பத்திலேயே நமக்குக் கற்பித்துவிடுகிறது.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் எண்ணெய் சுற்றி வருவதில்லை. ஒருமுறை உள்ளே சென்றால் எரிந்தோ சிந்தியோ ஒழிந்துபோகும். பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில் ஒரு கைப்பம்பு இருக்கும். சில மைல்களுக்கு ஒருமுறை, மேடு ஏறும்போது இன்னும் அடிக்கடி, ஓட்டுபவர் அதை அழுத்தி யந்திரத்துக்குள் ஒரு வாய் எண்ணெய் அனுப்ப வேண்டும். குறைத்து அனுப்பினால் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். கூட்டி அனுப்பினால் பிளக்கில் கரி படியும். ஓட்டுபவருடைய அநுபவமும் காதுமே அக்காலத்து எண்ணெய் அளவை. இந்த முறையில் எவ்வளவு சிரமம் இருந்தபோதிலும் ஒரு நன்மை இருந்தது: யந்திரத்துக்குள் போன எண்ணெய் எப்போதும் புதியதாகவே இருந்தது, அழுக்கை ஏந்தி வைத்துக்கொள்ளும் கடமை அதற்கு விதிக்கப்படவில்லை.

இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, முதல் யுத்தத்துக்குச் சற்று முன் வெளியிட்ட இரட்டைச் சிலிண்டர் வண்டியில் இந்த நிலையை மாற்றியது. கண்ணாடியால் செய்த எண்ணெய்த் தொட்டியிலிருந்து ஒரு பம்பு எண்ணெயை எடுத்து யந்திரத்துக்கு ஊட்டும். பயன்பட்டு வடிந்ததை மறுபடியும் தொட்டிக்கே சேர்க்கும். கைப்பம்பின் தொல்லை இதனால் ஒழிந்தது. அதே சமயத்தில் எண்ணெய்க்குப் புதிய கடமைகளும் பிறந்தன. இனி அது உயவு தருவதோடு, உஷ்ணத்தையும் வாங்கிச் செல்ல வேண்டும். கரியையும் உலோகத் துகளையும் சுமந்து செல்ல வேண்டும். அதே எண்ணெய் ஆயிரக்கணக்கான மைல்கள் கெடாமல் உழைக்கவும் வேண்டும். பின்னால் வந்த மாறுதல்களில் பெரும்பாலானவை இந்தக் கடமைகளை நிறைவேற்றுவதற்காகவே ஏற்பட்டவை.

எண்ணெயை அளந்து பேசுவதற்கு ஒரு பாஷையும் தேவைப்பட்டது. அமெரிக்காவில் மோட்டார் யந்திர நிபுணர்களின் சங்கமாகிய எஸ்.ஏ.இ. 1911-இல் எண்ணெய்களை அவற்றின் குழைவைக் கொண்டு வகைப்படுத்தியது. முப்பது, நாற்பது, ஐம்பது என்று இன்று டப்பாக்களில் காணும் எண்கள் அந்த வழியில் வந்தவை. யந்திரம் சூடேறிய நிலையில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதையே அவை குறிக்கும். எண்ணெயின் உயர்வு தாழ்வைக் குறிப்பதில்லை. ஐம்பதாம் தரம் நாற்பதைவிடத் தடிப்பானதேயன்றி மேலானதன்று. குளிர்காலத்துக்கு மெல்லிய எண்ணெயும் கோடைக்குத் தடித்த எண்ணெயும் ஊற்றும்படி அக்காலத்து ஆங்கிலக் கையேடுகள் சொல்லும். மார்கழியிலும் விடியற்காலை உஷ்ணம் பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமாகிய சென்னைக்கு அந்தக் குளிர்கால விதியினால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது திருவொற்றியூருக்கு வருவோம். புல்லட் என்னும் பெயரை ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932-லேயே தன் வண்டிகளுக்குச் சூட்டியிருந்தாலும், நாம் அறிந்த 350 சி.சி. புல்லட்டின் உருவம் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, 1949-இல் விற்பனைக்கு வந்தது. எல்லைப்புறங்களில் ரோந்து சுற்ற உறுதியான வண்டியைத் தேடிய இந்திய ராணுவம் 1950-களின் தொடக்கத்தில் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது; மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு ரெட்டிச் கம்பெனி கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவப்பட்டது; திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில், கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டும் வேலை முதலில் நடந்தது; 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இந்த நாட்டிலேயே செய்யப்படலாயின. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. தாய் மறைந்த பின்னும் மகவு தளராமல் வளர்ந்து, 1977-இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. சிற்சில திருத்தங்கள் தவிர, வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்த யந்திரம் புதிய நூற்றாண்டிலும் சில வருஷங்கள் வரை தொடர்ந்து செய்யப்பட்டுவந்தது.

அந்த யந்திரத்தின் உள்ளமைப்பை அறியாமல் எண்ணெயைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. எழுபது மில்லிமீட்டர் விட்டமும் தொண்ணூறு மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள ஒற்றைச் சிலிண்டர், நிதானமான வேகம், குறைந்த அழுத்த விகிதம், குளிர்விப்பதற்குக் காற்றைத் தவிர வேறு துணை கிடையாது. எண்ணெய்க்கென்று வெளியே தனித் தொட்டியும் இல்லை. யந்திரத்தின் உடலிலேயே, சுழலும் சக்கரங்கள் இருக்கும் அறைக்குப் பின்னால் வார்க்கப்பட்ட மற்றோர் அறையில் சுமார் இரண்டேகால் லிட்டர் எண்ணெய் நிற்கும். வலப்புறத்து மூடிக்குள், கிராங்க் தண்டின் முனையிலுள்ள திருகுப் பல்லினால் இயங்கும் இரண்டு பிஸ்டன் பம்புகள் உண்டு. ஒன்று எண்ணெயைக் கம்பளி வடிகட்டியின் வழியே எடுத்துச் சென்று கிராங்க் தண்டுக்குள் செலுத்துகிறது. மற்றொன்று சக்கர அறையில் வடிந்ததை உறிஞ்சி மீட்டு, அதில் ஒரு பங்கை மெல்லிய குழாய்களின் வழியே மேலே ராக்கர்களுக்கு அனுப்பி, மீதியைத் தேக்க அறைக்குத் திருப்புகிறது. கனெக்டிங் ராடின் பெரிய முனையில், குண்டுகளோ உருளைகளோ இல்லாமல், வெண்ணுலோகம் பூசிய ஒரு மிதக்கும் புஷ் மட்டும் நெடுங்காலம் இருந்துவந்தது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் எண்ணெய்ப் படலம் இருக்கும்வரையில் அது உழைக்கும். படலம் கிழிந்த க்ஷணத்தில் அது அழியும். மெல்லிய எண்ணெய் இந்த யந்திரத்துக்கு ஏன் ஆகாது என்பதற்கு இந்தப் புஷ்ஷைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இவை யாவற்றினும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பழைய புல்லட்டில் எண்ணெய் வாழும் வீடுகள் மூன்று. யந்திரம் ஒன்று; இடப்புறத்தில், கிளச்சும் முதற் சங்கிலியும் ஒரே நட்டினால் இறுக்கப்பட்ட மூடிக்குள் இருக்கும் செயின் கேஸ் இரண்டு; யந்திரத்தின் பின்புறத்தில் தனியாகப் பூட்டப்பட்ட ஆல்பியன் கியர் பெட்டி மூன்று. ஒன்றிலுள்ள எண்ணெய் மற்றொன்றுக்குச் செல்வதில்லை. ஆகவே யந்திர எண்ணெய்க்குக் கிளச்சைப் பற்றிய கவலை இல்லை. கியர்ப் பற்களின் நசுக்கலைத் தாங்கும் பொறுப்பும் இல்லை. செயின் கேஸுக்குக் கிளச்சை நழுவவிடாத மெல்லிய எண்ணெய் ஒரு கோப்பையளவு போதும். கியர் பெட்டிக்கோ, உதை தண்டின் வழியாகவும் பல்சக்கரத்தின் பின்னாலும் எளிதில் ஒழுகிவிடாதபடி, குழைந்த கிரீஸையும் தடித்த எண்ணெயையும் கலந்து வைப்பது பட்டறைகளின் நெடுநாள் வழக்கம். கியர் எண்ணெய்களுள் சில, பற்களைக் காப்பதற்காகச் சேர்க்கப்பட்ட கந்தகத்தின் மிகுதியால் வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடியவை. பழைய கியர் பெட்டிக்குள் வெண்கலம் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் அவற்றைத் தள்ளி வைத்தார்கள்.

இந்த யந்திரம் இங்கே இப்படியே நிற்கையில், எண்ணெய் உலகத்தில் மூன்று பெரிய மாறுதல்கள் ஏற்பட்டன.

முதலாவது, கழுவும் எண்ணெய். 1930-களில் அமெரிக்காவில் டீசல் யந்திரங்களின் வளையங்கள் கரி படிந்து ஒட்டிக்கொள்ளும் வியாதி பரவியது. அதற்கு மருந்தாக, அழுக்கைப் பிரித்துத் தன்னுள் மிதக்கவைக்கும் ரசாயனப் பொருள்களை எண்ணெயில் சேர்த்தார்கள். 1947-இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமாகிய ஏ.பி.ஐ. எண்ணெய்களைச் சாதாரணம், உயர்தரம், கடும் உழைப்பு என்று மூன்றாகப் பிரித்தபோது, இத்தகைய பொருள் மிகுந்தவை மூன்றாம் வகையில் வைக்கப்பட்டன. பழைய வண்டிக்காரர்களிடையே இன்றும் உலவும் ஒரு பயத்தின் மூலம் இங்கேதான் இருக்கிறது: கழுவும் எண்ணெய் பழைய யந்திரத்தைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். இது முழுதும் மூடநம்பிக்கையன்று. வடிகட்டி இல்லாத மிகப் பழைய யந்திரங்களில் அழுக்கு அடியில் தங்கிவிடுவதே நல்லது. அதைக் கிளப்பிச் சுற்றவிடுவது தீமை. பல வருஷங்கள் கழுவாத எண்ணெயிலேயே ஓடிச் சேறு கட்டிப்போன யந்திரத்தில் திடீரென்று புதிய எண்ணெயை ஊற்றினால், பெயர்ந்த சேறு எண்ணெய் செல்லும் துவாரங்களை அடைப்பதும் உண்மையே. ஆனால் புல்லட்டில் வடிகட்டி உண்டு. அதைக் காலாகாலத்தில் மாற்றி, எண்ணெய் கறுத்ததும் வடித்து விடுகிறவருக்கு அந்தப் பயம் அநாவசியம். எண்ணெய் சீக்கிரம் கறுப்பது, அது தன் கடமையைச் செய்கிறது என்பதற்கே அறிகுறி.

இரண்டாவது, பல்தர எண்ணெய். உஷ்ணம் ஏற ஏற எண்ணெய் நீர்ப்பது இயற்கை. குளிரில் சுருண்டும் சூட்டில் விரிந்தும் கிடக்கும் நீண்ட மூலக்கூறுகளைச் சேர்த்தால் இந்த நீர்ப்பு மட்டுப்படுகிறது என்று கண்டு, 1950-களில் இத்தகைய எண்ணெய்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 20 டபிள்யூ 50 என்றால், குளிரில் இருபதாம் தரத்தைப் போல ஓடும், சூட்டில் ஐம்பதாம் தரத்தைப் போல நிற்கும் என்று பொருள். குளிர் தேசத்துக் காலை நேரத்துக்காக ஏற்பட்ட மருந்து இது. இருந்தாலும் புல்லட்டுக்கு இதனால் ஒரு லாபம் உண்டு. தடித்த ஒற்றைத் தர எண்ணெய், யந்திரம் கிளம்பியதும் சிறிய பம்பின் வழியாக மெதுவாகவே ஏறும். ராக்கர்கள் அதுவரை எண்ணெயின்றிக் காத்திருக்கும். பல்தர எண்ணெய் அந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. அதன் நீண்ட மூலக்கூறுகளைக் கியர்ப் பற்கள் கத்தரித்து எண்ணெயை நீர்க்கச் செய்யும் என்னும் குறை, கியர் பெட்டியும் யந்திரமும் ஒரே எண்ணெயைப் பகிரும் வண்டிகளுக்கே உரியது; தனிக் கியர் பெட்டி கொண்ட பழைய புல்லட்டை அது தீண்டாது. ஆகையால் நாற்பதாம் தர எண்ணெயிலிருந்து 20 டபிள்யூ 50-க்குத் திருவொற்றியூர் வண்டி மாறியதை முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

இதே காலத்தில் எண்ணெய் பிறக்கும் இடமும் மாறியது. இந்திய சர்க்காரும் அமெரிக்காவின் அமோகோ கம்பெனியும் இரானிய தேசிய எண்ணெய்க் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 1965-இல் ஏற்படுத்திய மதராஸ் ரிஃபைனரீஸ், திருவொற்றியூருக்கு மேற்கே சில மைல் தூரத்திலுள்ள மணலியில் 1969-இல் உற்பத்தியைத் தொடங்கியது. வருஷத்துக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் அந்த ஆலையில் பெட்ரோலோடு உயவெண்ணெய்க்கு வேண்டிய அடிப்படை எண்ணெயும் பிரிக்கப்பட்டது. அந்நியக் கம்பெனிகளாகிய எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகியவை 1974 முதல் நாலைந்து ஆண்டுகளுக்குள் தேசிய உடைமையாயின. இந்தியன் ஆயில் 1970-களில் சர்வோ என்ற பெயரில் விற்ற எண்ணெய் பெட்ரோல் பங்குகளில் கிடைக்கலாயிற்று. கையேடுகளில் அச்சிட்டிருந்த ஆங்கிலப் பெயர்கள் கடைகளிலிருந்து மறைந்துபோனபோது, பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் திகைத்தார்கள். எண்ணைப் பார்த்து வாங்கியவர்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை.

அக்காலத்துச் சாலைகளில் புல்லட்டோடு ஓடிய பிற வண்டிகள் பலவும் வேறு ஜாதியைச் சேர்ந்தவை. 1961 முதல் மைசூரில் செய்யப்பட்ட ஜாவாவும், அதன் வழியில் வந்த யெஸ்டியும், 1980-இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும் இரட்டை வீச்சு யந்திரங்கள். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து எரிப்பவை. அவற்றில் எண்ணெய் சுற்றிவருவதில்லையாதலால், கைப்பம்பு காலத்து நியாயமே அவற்றுக்கும் பொருந்தும்: உயவு தந்துவிட்டுச் சாம்பலின்றி எரிந்துபோகும் எண்ணெயே வேண்டும். நான்கு வீச்சு யந்திரத்துக்கு உரிய கழுவும் எண்ணெயை அவற்றில் ஊற்றினால், அதிலுள்ள உலோக உப்புகள் எரிந்து பிளக்கிலும் பிஸ்டனிலும் சாம்பலாகப் படியும். பங்கில் '2 டி' என்று தனியாகக் கேட்டு வாங்கிய வழக்கம் வெறும் சடங்காக ஏற்பட்டதன்று.

மூன்றாவது மாறுதலே இன்றைய விவாதங்களுக்கெல்லாம் வேர். 1940-களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப் பொருளை எண்ணெயில் கலக்கத் தொடங்கினார்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் அது மெல்லிய கவசமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கும். கேம் தண்டும் அதன்மேல் சறுக்கும் தட்டைப் பாதமும் உள்ள புல்லட் போன்ற யந்திரங்களுக்கு அது உற்ற துணை. பிற்காலத்தில் மோட்டார் கார்களின் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிகள் வந்தன. புகையோடு வெளியேறும் பாஸ்பரஸ் அக்கருவிகளை நாளடைவில் செயலிழக்கச் செய்தது. ஆகவே கார் எண்ணெய்களில் அதன் அளவுக்கு வரம்பு விதித்தார்கள். 2004-இல் வந்த எஸ்.எம். என்னும் ஏ.பி.ஐ. வகுப்பில், மெல்லிய தர எண்ணெய்களுக்கு அந்த வரம்பு நூற்றுக்கு 0.08 ஆகக் குறைந்தது. பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள்களையும் அதே எண்ணெய்களில் சேர்த்தார்கள். கார்களுக்கு இவை இரண்டும் நன்மையே. எண்ணெயில் மூழ்கிய கிளச்சு உள்ள மோட்டார் சைக்கிள்களுக்கோ கிளச்சு நழுவும் என்ற புதிய வியாதியை இவற்றுள் இரண்டாவது கொடுத்தது. அதற்குப் பரிகாரமாகவே ஜப்பானியர்கள் 1998-இல் ஜாஸோ என்னும் தரத்தை ஏற்படுத்தினார்கள். அதில் எம்.ஏ. என்று குறித்த எண்ணெய் கிளச்சை நழுவவிடாது, எம்.பி. என்று குறித்தது உராய்வு குறைந்தது, எண்ணெயில் மூழ்காத கிளச்சு உள்ள ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது.

திருவொற்றியூரும் கடைசியில் மாறியது. 1990-களின் இறுதியில் அலுமினிய யந்திரம் ஒன்று வந்தது. 2008-ஐ ஒட்டி, யந்திரமும் கிளச்சும் கியர் பெட்டியும் ஒரே உடலுக்குள் அமைந்து ஒரே எண்ணெயைப் பகிரும் புதிய யந்திரம் வந்தது. அதற்குக் கம்பெனி சொன்னது 15 டபிள்யூ 50 எண்ணெய். மூன்று வீடுகள் ஒன்றானபடியால் ஜாஸோ எம்.ஏ. என்ற குறிப்பு அதற்கு இன்றியமையாததாயிற்று. பழைய வார்ப்பிரும்பு யந்திரத்துக்கும் இந்தப் புதிய யந்திரத்துக்கும் வெளித்தோற்றத்தில் உள்ள ஒற்றுமை பலரை மயக்கிவிட்டது. புதிய புல்லட்டுக்குச் சொன்ன புத்திமதியைப் பழைய புல்லட்காரர் பின்பற்றுகிறார்; பழையதற்குரிய வழக்கத்தைப் புதியதன்மேல் ஏற்றுகிறார் மற்றொருவர்; இருவரும் தம் தம் அநுபவத்தை ஆதாரமாகக் காட்டி வாதிடுகிறார்கள்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், வார்ப்பிரும்புப் புல்லட்டுக்கு எண்ணெய் தேர்வது சிக்கலான காரியமாகத் தோன்றவில்லை. யந்திரத்துக்கு 20 டபிள்யூ 50 தரமுள்ள கனிம எண்ணெய் வேண்டும். துத்தநாகக் கவசம் குறையாதிருக்க, கார்களுக்கான மெல்லிய எண்ணெயைத் தவிர்த்து, மோட்டார் சைக்கிளுக்கென்று செய்ததை வாங்குவது நலம். அதன்மேல் ஜாஸோ எம்.ஏ. என்று இருந்தால், அது கிளச்சுக்காக ஏற்பட்ட குறிப்பாயினும், அந்தத் தரத்தில் பாஸ்பரஸுக்குக் கீழ்வரம்பும் விதிக்கப்பட்டிருப்பதால் கேம் தண்டுக்கும் அது அநுகூலமே. செயின் கேஸுக்கு அதே குறிப்புள்ள எண்ணெய் போதும். மாலிப்டினம் போன்ற வழுக்குப் பொருள்கள் சேர்ந்த எதுவும் அங்கே புகக் கூடாது. செயற்கை எண்ணெய் தீமை செய்யாது. ஆனால் மிகுந்த உஷ்ணத்தையும் நெடுந்தூர வேகத்தையும் தாங்கவும், நெடுநாள் மாற்றாமல் ஓடவும் ஏற்பட்ட மருந்து அது. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் நிதானமாகப் போகும் வண்டியில், கசிவாலும் கரியாலும் எப்படியும் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும் எண்ணெய்க்கு அவ்வளவு விலை கொடுப்பது வியர்த்தம். அந்தப் பணத்தில் இருமுறை சாதாரண எண்ணெயை மாற்றினால் யந்திரம் அதிகம் வாழும்.

அளவு பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பம்பு தேய்ந்த பழைய புல்லட் சில நாள் ஓடாமல் நின்றால், தேக்க அறையிலுள்ள எண்ணெய் மெல்லக் கசிந்து சக்கர அறைக்குள் இறங்கிவிடும். அப்போது குச்சியை விட்டுப் பார்த்தால் எண்ணெய் குறைந்துவிட்டதாகத் தோன்றும். அதை நம்பி மேலும் ஊற்றியவர்களின் வண்டிகள் கிளம்பியதும் வெண்புகை கக்கி, மூச்சுக் குழாயின் வழியே எண்ணெயைச் சங்கிலியின்மேல் துப்பின. சிறிது தூரம் ஓட்டி, திரும்பும் பம்பு எண்ணெயை மீட்ட பிறகு பார்ப்பதே சரியான முறை. எண்ணெய் குடிக்கிறது என்று பழி சுமத்தப்பட்ட எத்தனையோ யந்திரங்கள் வாஸ்தவத்தில் தேவைக்கு மேல் ஊற்றப்பட்டதைத் திருப்பித் தந்தவையே.

பூர்வோத்தரம் தெரியாத பழைய வண்டியை வாங்குகிறவர், எண்ணெயின் பெயரைத் தேடுவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்துகொள்ள வேண்டும். மூன்று வீடுகளிலும் இருப்பதை முழுவதும் வடித்து, அது என்ன என்று பார்க்க வேண்டும். ஆமணக்கெண்ணெயோ சேறோ வெளிப்பட்டால் யந்திரத்தைப் பிரித்துக் கழுவிவிட வேண்டும். வடிகட்டியை மாற்ற வேண்டும். புதிய எண்ணெயில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும், அது பெயர்த்த அழுக்கோடு அதையும் வடித்துவிட்டு மறுபடியும் நிரப்ப வேண்டும். அதன் பிறகு கடைக்காரர் எவ்வளவு புதிய எழுத்துக்களை நீட்டினாலும், இந்த எழுத்து எந்த யந்திரத்தின் எந்த வியாதிக்காக ஏற்பட்டது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். புகைச் சுத்திகரிப்புக் கருவியும் இல்லாமல், மூன்று வீட்டு எண்ணெயும் கலக்காமல் ஓடும் திருவொற்றியூர்ப் புல்லட்டுக்கு அவற்றில் பாதி தேவைப்படவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெளிந்துவிடும்.